விரிவுரையாளர் பதவி: நியமனத்துக்குப் பின்னரான நீண்ட பயணம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக ஆரம்பமாகி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்த வளாகமும் வெறிச்சோடியது. திரும்பி வந்து கற்பித்தவர்களாலேயே அது மீண்டும் எழுந்தது. இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும், போருக்குள் பிறந்தவர்கள் விரிவுரையாளர்களாகின்றனர். நியமனம் பெறுவது ஒரு சாதனை. அதில் நிலைத்து நிற்பது வேறொரு சாதனை.

தகுதிகாண் காலம்

தகுதிகாண் விரிவுரையாளராக இணைபவருக்கு முதலில் மூன்று ஆண்டுகள் வழங்கப்படும். இது ஆண்டுதோறும் நீடிக்கப்பட்டு, அதிகபட்சம் எட்டு ஆண்டுகள் வரை செல்லலாம். அதற்குள் தேவையான பட்டப்பின் தகைமையைப் பெறவேண்டும். விரிவுரை, பரீட்சை, விடைத்தாள் என நாட்கள் கரைந்துவிடும். எனவே ஆய்வு மேற்பார்வையாளரை முதலாம் ஆண்டிலேயே தேடத் தொடங்குவது நல்லது.

கற்கை விடுமுறையில் வெளிநாடு செல்பவர் பிணைமுறியில் கையொப்பமிட வேண்டும். திரும்பாவிட்டால் அந்தச் சுமை பிணை நின்றவர்களின் தலையில் விழும். அவர்கள் பெரும்பாலும் நம் உறவினர்களும் நண்பர்களுமே. கையொப்பமிட முன்னர் நிபந்தனைகளை அவர்களுடன் அமர்ந்து வாசியுங்கள்.

பதவி உயர்வு

சிரேஷ்ட விரிவுரையாளர் தரங்களைக் கடந்து பேராசிரியராகும்போது கற்பித்தல், ஆய்வு, நிறுவனத்துக்கும் சமூகத்துக்குமான பங்களிப்பு ஆகியன மதிப்பிடப்படும். மூன்றுக்கும் தனித்தனிக் கோப்புகளை முதல் நாளிலிருந்தே பேணுங்கள். இடப்பெயர்வில் சான்றிதழ்களை இழந்த நமக்கு, பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைப்பதன் அவசியத்தை எவரும் சொல்லத் தேவையில்லை.

மனநிறைவு

பட்டியலுக்காக மட்டும் எழுதும் கட்டுரைகள் விரைவில் சலிப்பூட்டும். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர், மீள்குடியேறியோரின் வாழ்வாதாரம் போன்ற மண்ணின் கேள்விகள் முப்பது ஆண்டுகளுக்கும் போதுமானவை. ஆனால், துயரைச் சொன்ன மக்கள் வெறும் தரவுகள் அல்லர். கண்டறிந்ததைத் தமிழில் அவர்களிடம் திருப்பிக் கொடுப்பது ஆய்வாளரின் கடமை.

ஏழு ஆண்டு சேவைக்குப் பின் கிடைக்கும் சபாட்டிக்கல் விடுமுறையை வருமானத்துக்காக மட்டுமன்றி, முடிக்காத நூலுக்காகவும் இளைப்பாறலுக்காகவும் பயன்படுத்தலாம்.

ஓய்வு வயது 65. 28 இல் இணைபவருக்கு 37 ஆண்டுகள் உள்ளன. அத்தனை ஆண்டுகளிலும் கற்பிக்கப்படும் மாணவர்களே ஒரு விரிவுரையாளரின் உண்மையான சேமிப்பு.