எல்லோரும் சொன்ன கதை

1958 மே மாத இறுதியில் பாணந்துறையில் ஒரு கதை பரவியது. மட்டக்களப்பில் கற்பித்துக்கொண்டிருந்த பாணந்துறைச் சிங்கள ஆசிரியை ஒருவரைத் தமிழர்கள் மார்பை அறுத்துக் கொன்றுவிட்டார்கள் என்பதே அது. அவ்வாறான ஆசிரியை எவரும் அங்கு பணிபுரியவில்லை எனக் கல்வி அமைச்சு கண்டறிந்தது. ஆனால் கதையை நம்பிய கும்பல் அவ்வூர்க் கந்தசுவாமி கோவிலுக்குத் தீ வைக்க முயன்று, முடியாமற்போகவே, பூசகரை வெளியே இழுத்து வந்து உயிரோடு எரித்தது. பத்திரிகையாளர் டாசி வித்தாச்சி இதனை 'எமர்ஜென்சி 58' என்னும் நூலில் பதிவு செய்தார். அந்நூல் இலங்கையில் தடை செய்யப்பட்டது.

அறுபது ஆண்டுகளின் பின், 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் கறியில் ஏதோ ஒரு கட்டி தென்பட்டது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அது என்றார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத காசாளர் மிரட்டலுக்கு அஞ்சித் தலையாட்டியது காணொளியாகப் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கையிட்டபோது, திகனவிலும் கண்டியின் சுற்றுப்புறங்களிலும் கடைகளும் வீடுகளும் எரிந்து முடிந்திருந்தன.

2019 மே மாதம் அதே கதை குருநாகலில் மருத்துவர் வேடம் பூண்டு வந்தது. முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளிதழே முதற்பக்கத்தில் எழுதியது. ஆதாரம் இல்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அடுத்த மாதமே நீதிமன்றில் தெரிவித்தது.

அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியவர் சிங்களவர் அல்லர். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த தமிழ் நண்பர். வீண் மனஸ்தாபம் வேண்டாமென்று நான்கு நாள் பேசாதிருந்தேன். பிறகு அழைத்து, "மச்சான், இதை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"எல்லோரும்தான் சொல்கிறார்கள்."

"ஐம்பத்தெட்டில் பாணந்துறையிலும் எல்லோரும்தான் சொன்னார்கள்" என்றேன்.

நெடுநேரம் மௌனமாக இருந்தார். அன்றிரவே, தாம் அனுப்பியது தவறு என்று குழுவில் எழுதினார். அமைச்சின் மறுப்பை நம்பாதவர்களும் அவர் சொன்னதை நம்பியிருப்பார்கள். வதந்தியைத் தெரிந்த முகமே வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. அதனைத் திருப்பி அனுப்பவும் தெரிந்த முகமே வேண்டும். ஆனால் அந்த நான்கு நாட்களில் அதனை எத்தனை பேருக்கு அனுப்பினார் என்பது அவருக்கே நினைவில்லை. அந்தத் தாமதம் என்னுடையது.