கட்டியங்காரன் வார்டுக்குள் நுழைந்த கதை

ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பெரியவர்களுக்கு ஸ்டான்லி என்றால் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782 பஞ்சத்தில் மணியக்காரர் மேற்பார்வையில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழிவந்தது அது. 1880-ல் ராயபுரத்துக்குப் பிரசவ ஆஸ்பத்திரியும் வந்தது, இன்றைய ஆர்.எஸ்.ஆர்.எம். பசிக்கு ஒன்று, பேறுகாலத்துக்கு ஒன்று. பிள்ளைகளின் பயத்துக்குத்தான் எவரும் மருந்து எழுதவில்லை. எழுதுவானேன்? அதை வீட்டிலேயே ஊட்டி அனுப்புகிறோமே: "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்!"

ஆபரேஷன் நாளன்று அந்தப் பயம் முற்றிவிடும். காலையிலிருந்து வெறும் வயிறு. பழகிய சட்டையைக் கழற்றிப் பச்சை அங்கி. தியேட்டர் வாசலில் அம்மாவின் கை விடுபடுகிறது. உள்ளே முகத்தருகே ஒரு மாஸ்க் வருகிறது. இதில் எதற்கும் பிள்ளையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

கோமாளி கேட்பான். பயிற்சி பெற்ற மருத்துவமனைக் கோமாளி வாசலிலேயே நின்று "உள்ளே வரலாமா?" என்பான். பிள்ளை "போ" என்றால் கதவில் முட்டிக்கொண்டு போய்விடுவான். அந்தக் கட்டடத்திலேயே குழந்தை விரட்டக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அவனுடைய வித்தையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இவன் புதியவனல்ல. திரைக்குப் பின்னால் ராஜா முழங்கிக்கொண்டிருக்க, கட்டியங்காரன் "யாருய்யா நீ?" என்று கேட்பான். ராஜா பாட்டில் சொன்னதைத் தெருப்பேச்சில் உடைத்துச் சொல்வான். காவலாளியாக நின்றுகொண்டே ராஜாவைக் கிண்டலும் செய்வான். வார்டில் ராஜா யாரென்று சொல்லவா வேண்டும்?

1908-லேயே லண்டன் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் இரு கோமாளிகள் வேடிக்கை காட்டும் ஓவியத்தைப் பாரிஸின் லெ பெத்தி ஜூர்னால் வெளியிட்டது. அதை முறையான தொழிலாக்கியவர் பிக் ஆப்பிள் சர்க்கஸின் மைக்கேல் கிறிஸ்டென்சன். 1986-ல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய குழு, டாக்டர் வேடத்தில் போய்ச் சிவப்பு மூக்கு மாற்று அறுவை செய்தது!

சென்னையில் இந்தச் சிவப்பு மூக்கை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது, ஆயிஷா ராவ் நிறுவிய தி லிட்டில் தியேட்டர் நாடகக் குழு. அதில் மூக்கு மாட்டியவர்களில் ரோகிணி ராவும் ஒருவர்: நிஜ டாக்டர், பாய்மரப் படகுப் போட்டிகளில் இந்தியாவுக்காகக் களமிறங்கியவர். திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பெரிய சிகிச்சைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு எழும்பூர் தெரியாத இடமல்ல.

பலன் உண்டா? இத்தாலியின் ஃபுளோரன்ஸில் ஆபரேஷனுக்குப் போகும் 40 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருடன் பெற்றோரும் கோமாளிகளும் போனார்கள். மற்றவர்களுடன் பெற்றோர் மட்டும். கோமாளி கூட வந்த பிள்ளைகளிடம் மயக்கம் கொடுக்கும் நேரத்துப் பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. 2005-ல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு சங்கதியும் உண்டு. குழந்தைகளுக்கு நல்லது என்று ஒப்புக்கொண்ட ஊழியர்களிலேயே பெரும்பாலோர், தியேட்டர் வேலைக்கு இடைஞ்சல் என்று கோமாளிகள் தொடர்வதை விரும்பவில்லை. கட்டியங்காரனை எந்த அரண்மனைதான் மனமுவந்து வைத்துக்கொண்டது?

மழைக்காலத்தில் ஆட்டமில்லாமல் வீட்டில் இருக்கும் கூத்துக் கலைஞர்கள் வடதமிழ்நாட்டில் நிறையப் பேர். தொற்றுத் தடுப்பும் வார்டு ஒழுங்கும் கற்றுக்கொடுத்து, மாதச் சம்பளம் பேசி, அவர்களில் இருவரை ஸ்டான்லி குழந்தைகள் வார்டில் நிறுத்திப் பார்க்கலாம். சுகாதாரத் துறை யோசிக்கட்டும். அதுவரை வீட்டில் அந்த ஊசி மிரட்டலையாவது நிறுத்துங்கள்.