401 கேட்டாதான் பேரைச் சொல்வேன்!

பொட்டி தட்டுற மக்களே, ஒரு குட்டி வரலாறு.

1996-ல வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்துலயே பேசிக் ஆத்தென்டிகேஷன் உண்டு. சர்வர் 401 அனுப்பி "யாருப்பா நீ?"ன்னு கேக்கும், அப்புறம் க்ளையன்ட் பேரும் பாஸ்வேர்டும் நீட்டும். 2000-ல வந்த சோப் 1.1 வேற மாதிரி: கோரிக்கையில பிழைன்னா 500 அனுப்பு.

நான் ஆணி புடுங்கின ஒரு இடத்துல ரெண்டும் மோதிக்கிச்சு. ஜாவா சர்வீஸ் 500 அனுப்புது, டாட்நெட் க்ளையன்ட் 401-க்குக் காத்திருக்குது. சம்பளப் பட்டியல் ரெண்டு நாள் அம்போ! ப்ரீஆத்தென்டிகேட் போட்டும் பயனில்லை. அது முதல் 401-க்கு அப்புறம்தான் வேலை செய்யும். முதல் கோரிக்கையிலேயே ஆத்தரைசேஷன் ஹெட்டரைக் கையால ஒட்டினதும் கதவு திறந்துச்சு.

2004-ல ஓயாசிஸ் தரமாக்கின டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி, அடையாளத்தை சோப் உறைக்குள்ளயே வச்சுது. அங்க இந்த 401 கண்ணாமூச்சி கிடையாது.

ரெண்டு பக்கமும் அவங்கவங்க விதிப்படிதான் நடந்தாங்க. சண்டை விதிகளுக்கு நடுவுலதான். சம்பளம் நின்னது மனுசங்களுக்கு.