வாலில் இருக்கிறது சூட்சுமம்

சாலையின் கதை – 12

1921 செப்டம்பரில் பெர்லின் மோட்டார் கண்காட்சிக்கு எட்மண்ட் ரும்ப்ளர் கொண்டுவந்த கார், அங்கே நின்ற மற்ற எந்தக் காரைப் போலவும் இல்லை. அன்றைய கார் என்றால் பெட்டிமேல் பெட்டி அடுக்கியது. செங்குத்தாக நிமிர்ந்த முன்கண்ணாடி, வெளியே துருத்தும் மட்கார்டுகள், தனியே தொங்கும் விளக்குகள். ரும்ப்ளரின் வண்டியோ மேலிருந்து பார்த்தால் ஒரு நீர்த்துளி. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் குவிந்து, ஒரே விளிம்பில் முடிந்தது. ஓட்டுநர் முன்னால் நடுவில் தனியாக உட்கார்ந்தார். ஆறு சிலிண்டர் எஞ்சின் பயணிகளுக்குப் பின்னால் இருந்தது.

ரும்ப்ளர் விமானக்காரர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக விமானங்கள் கட்டியவர். போரில் ஜெர்மனி தோற்றது, வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியில் விமானத் தொழிலை முடக்கியது. வானத்தில் வேலையில்லாமல் போன அறிவு சாலைக்கு இறங்கியது. அந்தத் தடை வராமல் இருந்திருந்தால், காற்றைப் பற்றிக் கார்க்காரர்கள் யோசிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு.

வண்டி விற்கவில்லை. எஞ்சின் தொல்லை கொடுத்தது, சாமான் வைக்க இடமில்லை. ஏறத்தாழ நூறு கார்களோடு உற்பத்தி நின்றது. சில பெர்லினில் டாக்ஸியாக ஓடின. சில ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படத்துக்காகக் கொளுத்தப்பட்டன. யூதரான ரும்ப்ளரின் தொழில் வாழ்க்கையை நாஜி ஆட்சி முடித்துவைத்தது. 1940இல் இறந்தார். அவர் எவ்வளவு சரியாகக் கணித்திருந்தார் என்பது 1979இல்தான் உறுதியானது. மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்த காரை ஃபோக்ஸ்வாகன் தன் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி அளந்தது. இழுவை எண் 0.28 என்று வந்தது. ஒரு வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான அளவு அது; குறையக் குறைய நல்லது. ரும்ப்ளர் காலத்துச் சாதாரணக் கார்களுக்கு அந்த எண் 0.7, 0.8 என்றிருந்தது.

வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் எஞ்சின் திறன் எட்டு மடங்காகும். இந்தத் தடை பெரும்பாலும் எங்கே பிறக்கிறது? காற்றைக் கிழிப்பது காரின் மூக்கு, எனவே மூக்கைக் கூராக்கினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை அப்படியில்லை. மூக்கு ஓரளவு உருண்டிருந்தாலே காற்று வழுக்கிப் போய்விடும். சிக்கல் பின்னால்தான். உடலை ஒட்டி வந்த காற்று, சட்டென முடியும் முதுகில் பிடிப்பை இழந்து பிய்ந்துபோகிறது. பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு குழி உண்டாகிறது. அது வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. மண்சாலையில் போகும் பஸ்ஸின் பின்கண்ணாடியில் புழுதி அப்பிக்கொள்வது இந்தக் குழியால்தான்.

இதை முதலில் முழுமையாகப் புரிந்துகொண்டவர் பால் யாரய் என்பேன். வியன்னாவில் பிறந்தவர்; ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் செப்பலின் வான்கப்பல்களுக்கு வடிவம் கொடுத்தவர். வானில் மிதப்பதற்குச் சரியான துளி வடிவம் தரையை ஒட்டி ஓடுவதற்குச் சரிப்படாது என்று கண்டார். அடியில் காற்று நெருக்குண்டு ஓட்டத்தின் ஒழுங்கு கெடுகிறது. துளியைப் படுக்கைவாக்கில் பாதியாக அறுத்து, தட்டையான பக்கம் தரையைப் பார்க்க வைப்பதே அவர் கண்ட வழி. 1921இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதைத் துணிந்து விற்பனைக்குக் கொண்டுவந்தது செக்கோஸ்லோவாக்கியாவின் டட்ரா. ஹான்ஸ் லெட்விங்காவின் தலைமையில் 1934இல் வந்த டட்ரா 77 வெறும் 60 குதிரைத்திறனில் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. முதுகு நெடுகச் சரிந்து இறங்கியது. அதன்மேல் ஒரு துடுப்பு. கார் வரலாற்றில் யாரய்க்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அதே ஆண்டில் அமெரிக்காவில் கிறைஸ்லர் ஏர்ஃப்ளோ வந்தது. அதை உருவாக்கிய கார்ல் ப்ரீர் குழு, காற்றுச் சுரங்கச் சோதனையில் கண்டது எவரையும் திகைக்கவைக்கும்: அன்றைய கார்கள் முன்னோக்கிப் போவதைவிடப் பின்னோக்கிப் போனால் காற்றுத்தடை குறைந்தது. திருப்பி நிறுத்தினால் தாழ்ந்து குறுகிய பானெட், வாலாகிவிடுகிறது அல்லவா! ஏர்ஃப்ளோவின் முகம் மக்களுக்குப் பிடிக்கவில்லை; 1937 மாடலோடு நிறுத்தப்பட்டது. அந்தத் தோல்விக்குப் பின் அமெரிக்கத் தொழில் நீண்டகாலம் காற்றின் பக்கம் தீவிரமாகத் திரும்பவில்லை.

யாரயின் வழியிலும் ஒரு தடை இருந்தது. துளி நன்றாகக் குவிய வால் மிக நீளமாக வேண்டும். அத்தனை நீளக் காரை எங்கே திருப்புவது, எங்கே நிறுத்துவது? 1930களில் ஸ்டுட்கார்ட் பேராசிரியர் வுனிபால்ட் காமும் ரைன்ஹார்ட் ஃபான் கோனிக்-ஃபாக்ஸன்ஃபெல்டும் விடை கண்டார்கள். காற்று ஒட்டிவரும் மட்டும் மெல்லக் குறுக்கு. பிறகு வாலைச் செங்குத்தாக வெட்டிவிடு. நீண்ட வாலின் பலன் பெருமளவு கிடைத்துவிடும். கார் வடிவமைப்பின் வரலாற்றில் இதைவிட அழகான யோசனை எனக்குத் தெரியவில்லை. 1962இன் ஃபெராரி 250 ஜிடிஓவின் வெட்டுண்ட பின்புறத்திலும், 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் முதுகிலும் இருப்பது காமின் கணக்குதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோல் மலிவு. சாப், சிட்ரோயன் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் காற்று பெரிய கவலையாக இல்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடி நிலைமையைப் புரட்டிப்போட்டது. ஃபோக்ஸ்வாகனில் ஹூக்கோவும் உடன் பணியாற்றியவர்களும் பின்சரிவின் கோணத்தை ஆராய்ந்தார்கள். அது 30 பாகையை நெருங்கும்போது இழுவை திடீரென எகிறியது. சிறிது தாண்டியதும் சட்டென இறங்கியது. 1984இல் எஸ். ஆர். அகமது, சக்கரம்கூட இல்லாத ஓர் எளிய கட்டை வடிவத்தை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார். இன்றும் பொறியியல் மாணவர்கள் கணினியில் கையாளும் மாதிரி அந்த ‘அகமது உடல்’.

1982இல் ஆடி 100 வந்தது. கண்ணாடிகளை உடலோடு சமமாகப் பதித்து, இழுவை எண்ணை 0.30க்குக் கொண்டுவந்தார்கள். விளம்பரங்களிலேயே அந்த எண்ணைப் போட்டுப் பெருமைப்பட்டார்கள். நியாயமான பெருமைதான், ஆனால் ரும்ப்ளரின் 0.28ஐ அதுவும் எட்டவில்லை. இன்று மெர்சிடிஸின் மின்சாரக் கார் ஈக்யூஎஸ் 0.20 வரை வந்துவிட்டது. பேட்டரி தரும் ஒவ்வொரு கிலோமீட்டரும் விலைமதிப்புள்ளதானதால் வடிவமைப்பாளர்கள் மறுபடி வாலுக்கே வந்திருக்கிறார்கள்.

(அடுத்த இதழில்: காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்திய பந்தயக்காரர்கள் – சப்பரல், லோட்டஸ்)