மலாக்காவின் பேதுரு ஆலயம்

மலாக்காவுக்குப் போகிற நாம் எல்லாரும் அந்தச் சிவப்பு ஆலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். கிறைஸ்ட் சர்ச் நம் பக்கத்து ஆலயம். அங்கே தமிழ் ஆராதனையும் நடக்கிறது. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பெண்டஹாரா சாலையில், இன்னொரு பழைய ஆலயம் இருக்கிறது. அது ரோமன் கத்தோலிக்கருடைய பரிசுத்த பேதுரு ஆலயம். 1710இல் கட்டப்பட்டது, கிறைஸ்ட் சர்ச்சுக்கு மூத்தது. மலேசியாவில் இன்றும் ஆராதனை நடக்கிற கத்தோலிக்க ஆலயங்களில் மிகப் பழையது இதுதான். அதன் கதையைச் சொன்னால், நம் பக்கத்தாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். 1521இல் அங்குள்ள குன்றின்மேல் மாதாவின் பெயரால் ஒரு சிற்றாலயம் எழும்பியது. பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஊழியம் செய்த இடம் அது. 1641இல் டச்சுக்காரர் நகரத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையார். வேதத்தை நேசித்தவர்கள், பிரசங்கத்தை உயர்வாக எண்ணியவர்கள். அந்தக் குன்று ஆலயத்தை எடுத்துக்கொண்டு, பரிசுத்த பவுல் ஆலயம் என்று பெயர் மாற்றி, 112 ஆண்டுகள் அதிலேயே ஆராதித்தார்கள். கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடத் தடை வந்தது. குருமார் மறைந்து வாழ்ந்தார்கள். ஜனங்கள் வீடுகளிலும் ஊருக்கு வெளியிலும் ஒளிந்து கூடினார்கள். விசுவாசத்துக்காக ஸ்பெயின் ராஜாவிடம் பாடுபட்ட ஒரு ஜனம், அதிகாரம் கைக்கு வந்ததும் இப்படிச் செய்தது.

நம்மில் யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பங்களுக்கு இது பழகிய கதை. அங்கேயும் 1658க்குப் பின் இதே டச்சுக்காரர் போர்த்துக்கீசியரின் ஆலயங்களை எடுத்துக்கொண்டார்கள். உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்ற நிலை. பெயருக்குச் சேர்ந்தவர்கள் ஏராளம். டச்சுக்காரர் போனதும் அந்தச் சபை கரைந்துபோனது. 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கிய கோவா நாட்டுக் குரு யோசேப் வாஸ் இரவில் வீடு வீடாகப் போய்க் கட்டிய சபையோ நின்றது.

மலாக்காவில் காலப்போக்கில் பிடி தளர்ந்தது. 1703இல் போர்த்துகல், டச்சுக்காரர் இருந்த கூட்டணிக்குள் வந்தது. ஏழு ஆண்டுகளில் பேதுரு ஆலயம் எழும்பியது, ஆனால் கோட்டைக்கு வெளியே. அதற்கு நிலம் கொடுத்தவர் ஒரு டச்சுக்காரர்! பிரான்ஸ் அம்போர் என்பவர், கத்தோலிக்கராக மாறியவர். ஆளுகிற இனத்தில் பிறந்த ஒருவர் ஒடுக்கப்பட்டவர்களின் சபையில் சேர்ந்ததை அவருடைய சொந்த ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டடத்தையும் கவனியுங்கள். கிறைஸ்ட் சர்ச் 1741இல், டச்சு வெற்றியின் நூறாம் ஆண்டில் தொடங்கி 1753இல் முடிந்தது. உள்ளே தூணே இல்லாத ஒரு நீள்சதுரக் கூடம், ஏறக்குறைய 82 அடிக்கு 40 அடி. கூரை உத்திரம் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் செதுக்கியது. எங்கே உட்கார்ந்தாலும் பிரசங்கியார் தெரிவார், அதற்காகவே கட்டினது. (சிவப்பு 1911இல் பூசியது, அதற்கு முன் வெள்ளைதான்.) பேதுரு ஆலயம் வேறு மாதிரி. முகப்பு போர்த்துக்கீசியப் பாணி, அலங்காரத்தில் கீழைநாட்டுக் கையும் கலந்திருக்கிறது. உள்ளே இருபுறமும் தூண் வரிசை, மேலே வளைந்த கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், பலிபீடத்தை நோக்கியே இழுக்கிற நீளம். மரித்த ஆண்டவரின் ஆளுயரச் சொரூபம் ஒன்றும் உண்டு. சொரூபம் நம் வழக்கம் அல்ல. ஆனாலும் அதற்கு முன்னால் சத்தமாகப் பேச வாய் வராது.

அங்குள்ள மணிதான் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது. அது 1608இல் கோவாவில் வார்த்தது. ஆலயத்தைவிட 102 வயது மூத்தது. டச்சுக்காரர் வருமுன்னே ஒலித்த மணி, ஒளிந்து கூடிய காலமெல்லாம் தாண்டி இங்கே வந்து தொங்குகிறது.

அந்தச் சபையும் அப்படித்தான் நிலைத்தது. போர்த்துக்கீசிய வம்சாவளியினர் இன்னமும் கிறிஸ்தாங் மொழி பேசுகிறார்கள். பெரிய வெள்ளி இரவில் ஆண்டவரின் சொரூபத்தைச் சுமந்து, கையில் மெழுகுவர்த்தியோடு பவனி வருகிறார்கள். வெளியூர்களிலிருந்தும் கூட்டம் வரும். குன்றின்மேல் டச்சுக்காரர் ஆராதித்த பவுல் ஆலயத்துக்கோ இன்று கூரை இல்லை. அவர்களுடைய பெரியவர்களின் கல்லறைக் கற்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அடுத்த முறை மலாக்கா போகும்போது மூன்று இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். முதலில் குன்று, பிறகு சிவப்பு ஆலயம், கடைசியில் பேதுரு.