தோள்சீலையின் சரித்திரம்

மானத்தை மறைப்பதற்கென்று மனிதன் நெய்துகொண்ட துணி, ஜாதியின் அந்தஸ்தை அளக்கும் கோலாகவும் ஆகிவிட்ட விபரீதத்துக்குத் தென் திருவிதாங்கூரின் சரித்திரமே தக்க சாட்சி. நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் இடைக்கு மேலே சீலை அணிதல் ஆகாதென்பது அந்த ராஜ்யத்தின் ஆசாரமாக இருந்தது.

கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாமென்று 1813-இல் திருவிதாங்கூரின் ஆங்கிலேயத் திவான் கர்னல் மன்றோ உத்தரவிட்டார். ஆயினும் அவர்கள் அதனோடு திருப்தியடையாமல், உயர்ஜாதிப் பெண்களைப் போலத் தோளின் மீதும் சீலையை இட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தபோது, அச்சீலைகள் நடுவீதியிலே கிழித்தெறியப்பட்டன. 1829-இல் பிறந்த அரசாணையும் தோள்சீலையைத் தடுத்தது. 1858-இல் கலகம் மீண்டும் மூண்டு, வீடுகள் தீக்கிரையாகி, சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெலியனும் வற்புறுத்திய பின்னரே, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வெளிவந்தது. அதன்படி, நாடார் பெண்கள் மதபேதமின்றிக் குப்பாயம் அணியலாம். மீனவராகிய முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியை மேலே சுற்றிக்கொள்ளலாம். உயர்ஜாதிப் பெண்கள் உடுத்தும் பாணியை மட்டும் பின்பற்றலாகாது.

மார்பை மறைக்க அனுமதி தந்த அரசு, சமத்துவத்தைத் தரவில்லை. அதற்காக மேலும் சில தலைமுறைகள் போராட வேண்டியிருந்தது.