சட்டகமும் சான்றிதழும்: அமெரிக்க மரச்சட்டகத் தொழிலில் விபத்துக் காப்பீட்டின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மரச்சட்டக வீடுகளை எழுப்பும் தச்சர்களுக்கான விபத்துக் காப்பீடு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஒரு சட்ட உடன்பாட்டின் விளைவாகும். தொழிலாளிக்கு முதலாளி ஒருவர் இருக்கிறார் என்பதே அவ்வுடன்பாட்டின் அடிப்படை. துணை ஒப்பந்த முறை வளர வளர அந்த அடிப்படை தளர்ந்ததையும், தொழிலாளியைக் காக்க வேண்டிய காப்பீடு ஒப்பந்தக்காரரைக் காக்கும் சான்றிதழாகச் சுருங்கியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மரச்சட்டகம், தொழிலாளர் இழப்பீடு, பொறுப்புக் காப்பீடு, துணை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்றிதழ்

முன்னுரை

தமிழகத்தில் இன்று எழும் வீடுகளின் எடையைக் கான்கிரீட் தூண்களும் செங்கற்சுவர்களும் தாங்குகின்றன. அமெரிக்காவின் பெரும்பாலான தனிவீடுகளில் அந்த எடையைத் தாங்குவது மரச்சட்டகம் ஆகும். அடித்தளத்தின் மீது செங்குத்துச் சட்டங்களை நிறுத்தி, தளத்துக்கும் கூரைக்கும் உரிய சட்டங்களைப் பொருத்தி, வீட்டின் எலும்புக்கூட்டை உருவாக்குபவர் சட்டகத் தச்சர். கைப்பிடிச் சுவர் எழும் முன்பே மேல்தளத்தின் விளிம்பில் நடப்பதும், பொருத்தி முடிக்காத கூரைச் சட்டங்களின் மீது நின்று ஆணியடிப்பதும் அவர் பணியின் இயல்பு. எனவே விழுதல் என்னும் இடர் அவரை நாள்தோறும் தொடர்கிறது. அவர் விழுந்தால் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாவுக்குக் காலந்தோறும் தரப்பட்ட விடைகளே இத்தொழிலின் காப்பீட்டு வரலாறாக அமைகின்றன.

எளிய சட்டகமும் எளிதில் பிரியும் தொழிலும்

பழைய முறையில் கனத்த மரத்தூண்களைச் செதுக்கி, துளையும் கூருமாக இணைத்து, பலர் கூடித் தூக்கி நிறுத்தினர். 1830களில் சிகாகோவில் வேறொரு முறை பரவியது. ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களையும் இயந்திரத்தில் செய்த ஆணிகளையும் கொண்டு இரண்டு மூன்று பேரே ஒரு வீட்டின் கூட்டை எழுப்ப முடிந்தது. ‘பலூன் சட்டகம்’ என்னும் பெயர் இம்முறைக்கு நிலைத்தது.

இத்தொழில்நுட்ப மாற்றம் தொழிலின் அமைப்பையும் மாற்றியது. சட்டகத் தொழிலில் இறங்கப் பெரிய முதலோ பட்டறையோ தேவைப்படவில்லை. சில கருவிகளும் கூட வேலை செய்யச் சிலரும் இருந்தால் ஒரு தச்சர் ஒப்பந்தக்காரராகிவிடலாம். இன்று கூலி வாங்குபவர் நாளை கூலி கொடுப்பவராகவும், மறுநாள் மீண்டும் கூலி வாங்குபவராகவும் ஆகக்கூடிய தொழில் இது. பிற்காலக் காப்பீட்டுச் சிக்கல்களுக்கு இந்த நெகிழ்ச்சியே வேராக அமைந்தது.

தவறின் சட்டம் முதல் இழப்பீட்டுச் சட்டம் வரை

19ஆம் நூற்றாண்டில் அடிபட்ட தொழிலாளி இழப்பீடு பெற வேண்டுமாயின் முதலாளியின் தவற்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். முதலாளிக்கோ மூன்று எதிர்வாதங்கள் இருந்தன: விபத்தில் தொழிலாளியின் கவனக்குறைவுக்கும் பங்குண்டு, இடரை அறிந்தே அவர் வேலையை ஏற்றார், விபத்துக்கு உடன் வேலை செய்தவரே காரணம். 1842இல் மாசசூசெட்ஸ் உயர்நிலை நீதிமன்றம் ஒரு ரயில் ஓட்டுநரின் வழக்கில் மூன்றாவது வாதத்தை ஏற்றது. இடருக்கான ஈடு கூலியிலேயே அடங்கியிருக்கிறது என்பது அத்தீர்ப்பின் கருத்து. குழுவாக நின்று சட்டம் தூக்கும் தச்சுத் தொழிலில் உடன் வேலை செய்தவரின் பிழையையும் முதலாளியின் பிழையையும் பிரித்துக் காட்டுதல் அரிது. ஆதலால் இக்கோட்பாடு தச்சரைப் பெரிதும் பாதித்தது.

இதற்கு விலக்காக நியூயார்க் மாநிலம் 1885இல் சாரச் சட்டத்தை இயற்றியது. உயரத்தில் வேலை செய்வோருக்குப் பாதுகாப்பான சாரம் அமைத்துத் தரும் கடமையை அது வகுத்தது. பின்னர் 1910இல் அதே மாநிலம், தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 20 அடியும் அதற்கு மேலும் உயர்ந்த சாரங்களில் செய்யும் கட்டுமான வேலை அதில் இடம்பெற்ற இடர்மிக்க தொழில்களுள் ஒன்று. தவறு செய்யாதவரிடமிருந்து பொருளைப் பறிப்பது அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூறி, 1911 மார்ச் 24 அன்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. மறுநாளே நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் பற்றிய தீயில் 146 தொழிலாளர் மாண்டனர். 1913இல் மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டுப் புதிய இழப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1917இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. இதற்கிடையில் விஸ்கான்சின், வாஷிங்டன் முதலிய மாநிலங்கள் 1911இலேயே தத்தம் சட்டங்களை இயற்றியிருந்தன. இறுதியாக 1948இல் மிசிசிப்பி இவ்வரிசையில் இணைந்தது.

இச்சட்டங்களின் உள்ளீடு ஒரு பரிமாற்றம் ஆகும். தொழிலாளி தம் முதலாளி மீது வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். அதற்கு ஈடாக மருத்துவச் செலவும் கூலி இழப்பின் ஒரு பகுதியும் அவருக்கு உறுதியாகின்றன. முதலாளி அப்பொறுப்பைக் காப்பீட்டின் வழி நிறைவேற்றுகிறார். டெக்சாஸில் தனியார் முதலாளிக்கு இக்காப்பீடு இன்றும் கட்டாயமன்று. ஆனால் காப்பீடு எடுக்காத முதலாளி மேற்கூறிய மூன்று எதிர்வாதங்களையும் அங்கே இழந்துவிடுகிறார்.

துணை ஒப்பந்தமும் முதலாளியின் மறைவும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்க் குடியிருப்புகள் பெருகின. 1947இல் நியூயார்க்கின் லாங் தீவில் தொடங்கிய லெவிட்டவுன் அதன் முன்மாதிரி. வீடு கட்டும் பணி சிறு சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு, துணை ஒப்பந்தக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்கூலியின் இடத்தைத் துண்டுக்கூலி பிடித்தது. வீடு கட்டி விற்கும் நிறுவனம், சட்டக ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே குழுத்தலைவர், அவருக்கும் கீழே தச்சர் எனப் பல அடுக்குகள் தோன்றின.

இழப்பீட்டுக் காப்பீட்டின் பிரீமியம் பொதுவாக ஒவ்வொரு 100 டாலர் கூலிக்கும் இவ்வளவு எனக் கணக்கிடப்படுகிறது. வேலையின் இடருக்கேற்ப விகிதம் மாறும். அலுவலக எழுத்தரைவிடச் சட்டகத் தச்சருக்குரிய விகிதம் பன்மடங்கு மிகுதி. எனவே கூலிப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒப்பந்தக்காரருக்குச் செலவு. பெயர் நீங்கினால் செலவும் நீங்கும். தச்சரைத் தொழிலாளி எனக் கொள்ளாமல் ‘தற்சார்பு ஒப்பந்தக்காரர்’ எனப் பதிவு செய்யும் வழக்கம் இவ்வழியே ஊன்றியது. தொழில்துறையில் நெடுநாள் வழக்கமாக இருந்தால் அவ்வாறு பதிவதற்கு 1978ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்தின் 530ஆம் பிரிவு வரித்துறையளவில் பாதுகாப்பு அளித்தது. ஆவணமற்ற தொழிலாளரை அறிந்தே வேலைக்கு அமர்த்துவோரைத் தண்டிக்கும் 1986ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், இடைத்தரகர் வழியே ஆள் எடுப்பதற்கு மற்றொரு காரணமாயிற்று.

சான்றிதழின் ஆட்சி

இந்த நழுவலைச் சட்டம் அறியாமல் இல்லை. துணை ஒப்பந்தக்காரரிடம் காப்பீடு இல்லையெனில் அவருடைய தொழிலாளிக்கு முதன்மை ஒப்பந்தக்காரரே இழப்பீடு தர வேண்டும் எனப் பல மாநிலங்கள் விதித்தன. ஆண்டுத் தணிக்கையில் காப்பீட்டு நிறுவனமும், காப்பீடற்ற துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகையைக் கூலியாகக் கொண்டு முதன்மை ஒப்பந்தக்காரரிடம் கூடுதல் பிரீமியம் பெறுகிறது. இவ்விரு சுமைகளிலிருந்தும் தப்ப முதன்மை ஒப்பந்தக்காரருக்குத் தேவைப்பட்டது ஒரு தாள்: துணை ஒப்பந்தக்காரரின் காப்பீட்டுச் சான்றிதழ்.

நாடெங்கும் வழங்கும் ‘அக்கார்டு 25’ என்னும் படிவம் அத்தகையது. தகவலுக்காக மட்டுமே அது தரப்படுகிறது என்றும், அதை வைத்திருப்பவருக்கு அது எந்த உரிமையையும் வழங்காது என்றும் படிவத்தின் தலைப்பகுதியே கூறுகிறது. ஆயினும் வேலைத்தளத்துக்குள் நுழைய அதுவே கடவுச்சீட்டு. தேவை இருந்த இடத்தில் சந்தை முளைத்தது. ஊழியர் எவரும் இல்லை என அறிவித்து, குறைந்த பிரீமியத்தில் எடுக்கப்படும் காப்பீட்டை அத்தொழிலினர் ‘பேய்க் காப்பீடு’ என்கின்றனர். அதை எடுத்தவருக்கே அது பெரும்பாலும் பயன்படாது. அதன் பயன் சான்றிதழ் பெறுவதில் முடிந்துவிடுகிறது. ஃபுளோரிடாவில் வேறொரு முறைகேடும் வெளிப்பட்டது. பெயரளவில் ஒரு நிறுவனம் தொடங்கப்படும். சிறு கூலித்தொகை காட்டிக் காப்பீடு எடுக்கப்படும். அதன் சான்றிதழ் பல குழுக்களுக்கு வாடகைக்கு விடப்படும்.

பொறுப்புக் காப்பீட்டிலும் இதற்கு இணையான சுருக்கம் நிகழ்ந்தது. தம் முதலாளி மீது வழக்குத் தொடர முடியாத தொழிலாளி, கட்டட உரிமையாளர் மீதோ முதன்மை ஒப்பந்தக்காரர் மீதோ தொடரலாம். அவர்கள் அச்சுமையை ஒப்பந்த விதிகளின் வழி சட்டக ஒப்பந்தக்காரர் மீது திருப்புவர். இதனை எதிர்கொள்ளச் சில காப்பீட்டு நிறுவனங்கள் ஊழியர் காயத்தால் எழும் இத்தகைய கோரிக்கைகளை விலக்கும் விதிகளைச் சேர்த்தன. சட்டக வேலையில் மிகுதியாக நிகழும் இடர் எதுவோ அதுவே இவ்வாறு காப்பீட்டிலிருந்து விலக்கப்பட்டது. சான்றிதழிலோ இவ்விலக்கு பெரும்பாலும் தென்படுவதில்லை.

முடிவுரை

1842இல் தச்சரின் இடர் கூலியில் அடங்கியதாகக் கருதப்பட்டது. 1911க்குப் பின் அது தொழிலின் செலவாக ஏற்கப்பட்டது. துணை ஒப்பந்த அடுக்குகளின் அடித்தட்டில் அது மீண்டும் தச்சரிடமே திரும்பியிருக்கிறது; முன்னர் நீதிமன்றக் கோட்பாடு செய்ததை இப்போது பதிவேடு செய்கிறது. சட்டம் ஒவ்வொரு முறையும் முதலாளியின் பொறுப்பை வரையறுத்தது. தொழில் ஒவ்வொரு முறையும் முதலாளியாக இருப்பதைத் தவிர்த்தது. தச்சர் விழும்போது அவருக்கு முதலாளி உண்டா என்பதே வழக்காக மாறுமாயின், தவற்றை மெய்ப்பிக்கும் பழைய சுமை வேறு வடிவில் அவர் மீது ஏறுகிறது. ஆகவே இத்தொழிலில் காப்பீட்டின் வலிமையை அளக்க, வேலைத்தளத்தில் திரளும் சான்றிதழ்களின் எண்ணிக்கை போதாது. கூரையில் நிற்பவரின் பெயர் எந்தக் கூலிப்பட்டியலிலேனும் உள்ளதா என்பதே அதற்குரிய அளவுகோல்.